புற்றுக்குக் கிழக்கே இரண்டாவது மேடு

...இரண்டாவதா, மூன்றாவதா, இல்லை, இரண்டாவதுதான், கரையான் புற்றிலிருந்து தண்டவாளத்தைப் பார்த்து நடந்தால் இரண்டாவது மேடு, பிள்ளையைப் புதைத்த புருஷன் சிம்பெயா அப்படித்தான் கை நீட்டிக் காட்டினான், அவள் ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்த அன்று, அதற்கப்புறம் சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, முப்பத்தோரு வருஷம்... அவனே மண்ணுக்குள் போய் நாலு வருஷமாகிறது. பானா கசோன்டே, கசோன்டேயின் அம்மா என்றுதான் ஊர் அவளைக் கூப்பிடும், கசோன்டே இரண்டாவது பிள்ளை என்பது யாருக்கு ஞாபகம்? லுசாகா சாலையை அகலப்படுத்துகிறார்களாம், கல்லறைத் தோட்டத்தில் குழந்தைகளின் மூலை போகிறதாம், வெள்ளிக்கிழமைக்குள் அடையாளம் காட்டினால் எடுத்துப் புது இடத்தில் பெயரோடு வைப்பார்களாம், எடுக்க என்ன இருக்கும், மூன்று வாரப் பிள்ளைக்கு? ரயில்வே வெள்ளைக்காரர்களின் பளிங்குக் கற்கள் வேலிக்குள் அப்படியே நிற்கின்றன, பெயர், தேதி, சிறகு வைத்த தேவதை... சுரங்கத்தில் செத்தவர்களுக்கு இரும்புத் தகட்டில் ஒரு நம்பர், அதையும் பழைய இரும்புக்குப் பிடுங்கிப் போய்விட்டார்கள், குழந்தைகளுக்கு நம்பர்கூடக் கிடையாது, வெறும் மண்.

அந்த மேட்டின் மேல் யாரோ ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் மண்வெட்டி, அவளைவிட நாலைந்து வயது மூத்தவள், பெயர் பெட்ரோனெல்லா என்று பின்னால் தெரிந்தது. "யாரும்மா நீ? இது என் பிள்ளை இருக்கிற இடம்." "உங்க பிள்ளையா? இங்க என் பையன்தான் இருக்கான்." "நல்லா இருக்கே கதை! முப்பத்தஞ்சு வருஷமா அக்டோபர் வந்தா நான்தான் இங்க புல் வெட்டுறேன், ஒரு நாள் உன்னைப் பார்த்ததில்லையே."

நான்தான் புல் வெட்டுறேன்... ஒவ்வொரு நவம்பரும், ஆத்துமாக்கள் திருநாளுக்கு அவள் வரும்போது, சுற்றிலும் புல் மண்டிக் கிடக்க இந்த மேடு மட்டும் சுத்தமாக இருக்கும், சிம்பெயாதான், வாய் திறக்காதவன் கையால் பேசுகிறான் என்று நினைத்தாளே. அதற்காகத்தானே அவன் குடியைப் பொறுத்தாள், ண்டோலா ஊரில் வைத்திருந்தவளைப் பொறுத்தாள்? ஒரு நவம்பரில் பெட்டியைக் கட்டிவிட்டு, பிள்ளையிடம் சொல்லிக்கொண்டு போக வந்தவள், வெட்டிய புல்லைப் பார்த்து அழுதுவிட்டு, வீட்டுக்குத் திரும்பி அவனுக்கு ன்ஷிமாக் களி கிளறிப் போட்டாள், அதற்குப் பின்தான் கசோன்டே, அவனுக்குப் பின் மூன்று பேர்... சிம்பெயா வரவேயில்லையா? ஒரு தடவைகூடவா?

"ஒரு மேட்டுக்கு ஒரு பேருதாம்மா எழுத முடியும்," நகர அலுவலகத்துப் பெண் பேனாவோடு நின்றாள். "யாரோடது?" பெட்ரோனெல்லா மண்வெட்டியை மேட்டில் ஊன்றிப் பிடித்துக்கொண்டாள். சண்டை போடலாம், அவன் கை நீட்டினானே, ஆனால் அந்தக் கை எதைக் காட்டியது, அன்று அவள் கண் நிறையத் தண்ணீர்... "அவங்களோடது," என்றாள் பானா கசோன்டே. "அப்போ உங்களோடது?" அடுத்த மேட்டில் புல் முழங்கால் உயரம். "அதுக்கு யாரும் வரலைல்ல? அதுதான்." "பேரு?" "லுபுட்டோ. லுபுட்டோ சிம்பெயா." இத்தனை வருஷத்தில் சத்தமாகச் சொன்னது இதுதான் முதல் தடவை.

பெட்ரோனெல்லா எழுந்து வந்து மண்வெட்டியை அவள் கையில் கொடுத்தாள். பானா கசோன்டே குனிந்து வெட்டினாள், காய்ந்த புல், வேர் விடமாட்டேன் என்றது, ஞாயிற்றுக்கிழமை சிம்பெயாவின் கல்லறையில் போய் என்ன கேட்பது, ஏன் வரவில்லை என்றா... வெட்டிய கை நின்றது. ஒருவேளை அவனும் வந்திருப்பானோ, ஒரு அக்டோபர் கழிந்து, சுத்தமாய்க் கிடந்த அந்த மேட்டைப் பார்த்து, அவள்தான் செய்திருக்கிறாள், இனி நான் எதற்கு என்று, சத்தமில்லாமல் திரும்பிப் போயிருப்பானோ...