மூடிக்கு அடியில் ஏழு மிளகாய்

ஏழாவது மிளகாயையும் அரிந்து முடித்தபோது லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கண் எரிந்தது, மூக்கு ஒழுகியது, மனசு மட்டும் கொஞ்சம் ஆறியது. இந்த வீட்டு வதக்கலுக்கு வழக்கமாக இரண்டு மிளகாய். ஏழு என்பது சமையலில் சேர்த்தியில்லை. பரிசோதனை.

விஷயம் இதுதான். அவன் மனைவி ஒரு மசாலாப்பொடிக் கம்பெனியில் ருசி பார்க்கிறவள். வந்திறங்கும் ஒவ்வொரு மிளகாய் மூட்டையிலிருந்தும் ஒரு சிட்டிகை பொடித்து நாக்கில் வைத்து, லேசு, நடுத்தரம், கடுமை என்று சீட்டு எழுதுவாள். பன்னிரண்டு வருஷமாக அவள் நாக்கு சொன்னதே அங்கே தீர்ப்பு. அந்த நாக்கைத்தான் மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு காய்ச்சல் வந்து துடைத்துவிட்டுப் போயிருந்தது. மணம் போயிற்று, உப்பு போயிற்று, காரமும் போயிற்று. நாளைக் காலை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். உடம்பு சரியில்லாமல் லீவு போட்டுத் திரும்புகிறவர்கள் பத்துத் தட்டுப் பொடியை எல்லார் முன்னாலும் தரம் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது அங்கே விதி. தவறினால் பாக்கெட் ஒட்டுகிற பக்கம் போய் உட்கார வேண்டியதுதான்.

"வந்துருச்சுங்க," என்றாள் வெள்ளிக்கிழமை.

"எப்போ?"

"காலையில."

ஏதோ பால்காரர் வந்துவிட்டுப் போனதுபோல.

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. 'இப்போ நல்லா ஓடுதுப்பா, கையெழுத்தைப் போடு' என்று அவசரப்படுத்தும் கட்டட மேனேஜர்களுக்கும் அதே முகம்தான் இருக்கும். அவர்கள் வாய்ப்பேச்சை நம்பி அவன் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. மணல்மூட்டைகளை ஏற்றி, மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பான். பெண்டாட்டிமேல் மணல்மூட்டை ஏற்ற முடியாது. அதனால் மிளகாய்.

அடையாளமும் வைத்திருந்தான். காரம் பட்டால் அவளுக்கு முதலில் வேர்ப்பது மேலுதட்டுக்கு மேலே. கடுகு கடுகாக மூன்று நான்கு துளி. அதற்கு அப்புறம்தான் வாய் 'ஸ்ஸ்' என்னும். 'ஸ்ஸ்' என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். வேர்வையை நடிக்க முடியாது.

கூடத்திலிருந்து மாமியாரின் தும்மல் தொடர்ச்சியாக வந்தது. "மாப்பிள்ளை! சமைக்கிறீங்களா, கொசு விரட்டுறீங்களா? அதை எதையாவது போட்டு மூடித் தொலைங்க. தும்மித் தும்மி இடுப்பு கழண்டுரும்போல இருக்கு!"

மிளகாய்த் தட்டின்மேல் ஒரு எவர்சில்வர் மூடியைக் கவிழ்த்தான்.

எண்ணெய் காய்ந்தது. பூண்டு, வெங்காயம், கோஸ், கேரட், சிவப்புக் குடைமிளகாய். தீயைக் கூட்டி வைத்துப் புரட்டப் புரட்ட, வாணலியில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பத்துத் தட்டுகள். சுற்றி நிற்கிற கூட்டம். ஒன்பதாவது தட்டில் அவள் தயங்குகிறாள். யாரோ சிரிப்பை அடக்குகிறார்கள். பூண்டு கருகப் பார்த்தது. உப்புப் போட்டோமா? போட்டோம். ஒருமுறையா, இருமுறையா? வாயில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் ஏழு மிளகாய் போட்ட வதக்கலை வாயில் வைக்கத் துணிச்சல் வரவில்லை. அடுப்பை அணைத்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சோற்றோடு ஒரு வாய் வதக்கலை அவள் எடுத்து மென்றாள். அவன் அவளுடைய மேலுதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஸ்ஸ்... அப்பப்பா! ஆளைத் தீர்த்துக்கட்டவா பாத்தீங்க?" என்று அவள் தண்ணீர்ச் சொம்பை எடுத்து மடமடவென்று குடித்தாள். மேலுதடு பூசிக் காய்ந்த சுவர்போல இருந்தது.

அவனும் ஒரு வாய் வைத்தான். கோஸ் இனித்தது. கேரட் இனித்தது. குடைமிளகாய்கூட இனித்தது. பல் முளைக்காத குழந்தைக்குப் பிசைந்து ஊட்டலாம். அப்போதுதான் அடுப்பங்கரையில் கவிழ்ந்து கிடக்கும் மூடி ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

மாமியார் மெல்வதை நிறுத்தியிருந்தார். அவனுடைய சமையலில் ஒரு கல் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் தெருவுக்கே அறிவிக்கிற அம்மாள். சொம்பைக் காலி செய்துகொண்டிருந்த மகளைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். சொல்ல வேண்டாம் என்பதுபோல அவன் தலையை ஒரு நூல் அசைத்தான்.

மாமியார் பலமாக இருமினார். "அந்தத் தண்ணியை இப்படித் தள்ளுங்க மாப்பிள்ளை. உச்சி மண்டைக்கு ஏறிருச்சு."

"பாத்தீங்களா, அம்மாவே சொல்லிட்டாங்க!" அவள் முகம் மலர்ந்தது. "நாளைக்குப் பத்துத் தட்டும் எனக்குப் பத்து நிமிஷம்."

அதன்பிறகு மூன்று பேரும் மாறி மாறி ஸ்ஸ், ஸ்ஸ் என்றபடி சாப்பிட்டார்கள். ஜன்னல் வழியாகக் கேட்டவர்கள், உள்ளே யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். இப்போது சொன்னால் அவளுக்கு அம்மா முன்னால் அவமானம். சொல்லாவிட்டால் நாளைக்கு ஊர் முன்னால். எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்க, அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

குழாய்ச் சத்தம் வரவில்லை. எவர்சில்வர் மூடி ஒன்று மேடையில் உரசும் சத்தம்தான் வந்தது.

"போங்க," என்றார் மாமியார், தட்டைப் பார்த்தபடியே.

அவள் கையில் மூடி இருந்தது. எதிரே ஏழு மிளகாயும் வட்டம் வட்டமாக, குத்துக்கல் மாதிரி அசையாமல்.

"இதை எதுக்குங்க அரிஞ்சு வச்சீங்க?"

"அதுல போடத்தான். மறந்துட்டேன்."

அவள் மூடியை மேடையில் வைத்தாள். "அப்போ அம்மா?"

"அத்தைக்குத் தெரியும்."

"எங்கம்மாவுக்கு நடிப்பு வரும்னே எனக்குத் தெரியாதுங்க," என்று சிரிக்கப் பார்த்தாள். பாதியில் விட்டுவிட்டாள்.

பிறகு இரண்டு வட்டத்தை எடுத்து, கம்பெனியில் செய்வதுபோலவே, கண்ணை மூடி நுனிநாக்கில் வைத்தாள். மென்றாள். இன்னும் நான்கு எடுத்தாள். அவன் வாய்க்குள்ளேயே எண்ண ஆரம்பித்தான். பத்து. இருபது. அடுப்பின் சூடு இன்னும் அந்தச் சின்ன அறையைவிட்டுப் போகவில்லை. அவனுக்கே கழுத்தெல்லாம் நசநசவென்றிருந்தது.

முப்பத்தொன்றில் அவளுடைய மேலுதட்டுக்கு மேலே ஏதோ மின்னியதுபோல இருந்தது. குடித்த தண்ணீராக இருக்கலாம். வெளிச்சத்தை மறைக்காமல் தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு, அவன் இன்னும் கிட்டே போனான்.