புயல்நெஞ்சன் தரையிறங்கிய நான்கு விநாடிகள்

உலகத்தோர் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: பதினொரு ஆண்டுகளாக வானத்தைக் கட்டிக் காத்து, நாற்பத்தேழு முறை பூமியையும் மூன்று முறை சூரியனையும் அழிவிலிருந்து மீட்டுக் கொடுத்த மாவீரன் புயல்நெஞ்சன், இன்னும் எட்டே எட்டு அத்தியாயங்களோடு தன் திருப்பணியை நிறைவு செய்கிறான். இச்சேதியைச் செவியுறும் ஒவ்வொருவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காக்க வேண்டும்.

இப்படிச் சொல்லிவிட்டு இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். கார்ட்டூன் நிறுவனத்தின் கூட்ட அறையில் இருந்த பத்தொன்பது பேரும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்கள். பன்னிரண்டாவது விநாடியில் தயாரிப்பு மேலாளர் இருமினார்.

"சார், ஏசி மெக்கானிக் பத்தரைக்கு வர்றேன்னிருக்கான். அவனுக்கு இந்த ரூம் வேணும்."

சூரியனை மூன்று முறை மீட்டவனுக்கான மரியாதை அத்துடன் முடிந்தது. மேலாளர் கடைசிப் பருவத்தின் கதைத்தாள்களை எல்லோருக்கும் நீட்டினார். மற்றவர்கள் முதல் பக்கத்தைப் படிக்க, பின்வரிசையில் இருந்த புழுதி அக்கா மட்டும் எட்டாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்துக்கு நேராகப் போனாள். அங்கே இருந்தது: 'புயல்நெஞ்சன் வானிலிருந்து இறங்கி, தரையில் கால் பதிக்கிறான்.'

புழுதி அக்காவுக்கு அந்தப் பெயரை வீட்டில் வைக்கவில்லை. ஓடும் கால், நடக்கும் கால், நொண்டும் கால் எதுவானாலும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வரைவாள் என்றுதான் அவளை வேலைக்கு எடுத்தார்கள். அவள் சேர்ந்த மூன்றாம் நாள் மேலாளருக்கு ஞானம் பிறந்தது. பறப்பது சுலபம்; ஆளை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் மேகத்தை நகர்த்தினால் போதும். இறங்குவதில்தான் வினையே. முழங்கால் மடங்க வேண்டும், குதிகால் ஊன்ற வேண்டும், உடம்பின் பாரம் எங்கே போய்ச் சேர்கிறதென்று தெரிய வேண்டும். ஆகவே அவன் இறங்கும் போதெல்லாம் ஒரு பெரிய புழுதி மண்டலம் எழும். அது அடங்கும்போது மாவீரன் இடுப்பில் கை வைத்து நிற்பான், இடுப்புக்கு மேலே மட்டும். அந்தப் புழுதியை வரைய ஓர் ஆள் வேண்டுமே?

பதினொரு வருடம். செம்மண் புழுதி, சாம்பல் புழுதி, பனிப் புழுதி. ஒருமுறை நிலாவில்கூட. "அங்க காத்தே கிடையாதே சார், புழுதி எப்படிச் சுழலும்?" என்று அவள் கேட்டதற்கு, "அவன் புயல்நெஞ்சன்மா. கையோட கொண்டு போவான்" என்றார் இயக்குநர்.

இப்போது அவள் எழுந்து நின்றாள்.

"சார், கால் பதிக்கிறான்னு போட்டிருக்கு."

"போட்டிருக்கு. புழுதி போடுங்க" என்றார் மேலாளர், தலை நிமிராமல்.

"இல்ல சார். இந்தத் தடவை கால் தெரியணும். பதினோரு வருஷமா ஒருத்தன் வானத்துல இருக்கான், எப்படிக் கீழ வர்றான்னு ஒரு ஜீவன் பாத்ததில்ல. இத்தோட முடியுதுன்னா இனிமே பாக்கவும் முடியாது. நான் வரையறேன்."

"நாலு செகண்ட் ஷாட்டுக்கா. எத்தனை படம் ஆகும்?"

"தொண்ணூத்தாறு."

"தொண்ணூத்தாறு படத்துல நான் பாதி அத்தியாயத்தை முடிச்சிடுவேன்!"

"பாக்கறவங்களுக்கு அது நல்லாவே தெரியுது சார்" என்றார் முகக்காரர். அவர் புயல்நெஞ்சனின் முகத்தை மட்டும் வரைபவர். நிறுவனத்தில் அக்காவுக்கு இருந்த ஒரே நண்பர், ஒரே எதிரி.

இயக்குநருக்கு இதற்குள் புல்லரித்துவிட்டது. "மண்ணும் மாவீரனும்! வானம் பூமிகிட்ட மன்னிப்பு கேக்குது! ஆஹா, இது என் மனசுல ரொம்ப நாளா இருந்ததுதான்."

மேலாளருக்குப் புல்லரிக்கும் வழக்கம் கிடையாது. "முதல்ல புழுதியை முடிச்சுக் குடுங்க. அது அந்த இடத்துல தயாரா இருக்கும். பன்னெண்டாவது வாரம், வெள்ளிக்கிழமை, மதியம் ஒரு மணி. அதுக்குள்ள உங்க கால் வந்து, பாக்கவும் நல்லா இருந்தா மாத்துறேன். இல்லன்னா புழுதிதான் போகும். மத்த வேலை எதுவும் நிக்கக் கூடாது."

"நிக்காது" என்றாள் அக்கா.

அன்று மாலைக்குள் புழுதியை வரைந்து கொடுத்துவிட்டாள். கை தானாகப் போட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் அவள் போட்டதிலேயே இதுதான் உயர்ந்த புழுதி என்றார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் அளவுத்தாளை எடுத்தாள். ஒவ்வொரு பாத்திரமும் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் எப்படி இருக்கும், யார் தோள் யார் காதுக்கு வரும் என்று காட்டும் தாள் அது. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் வரைவார்கள். புயல்நெஞ்சனின் அளவுத்தாள் முழங்காலோடு நின்றுபோயிருந்தது. அதற்குக் கீழே ஒரு தண்ணீர் லாரிக்காரரின் தொலைபேசி எண் இருந்தது.

போகட்டும் என்று முழங்காலிலிருந்து தரைவரை அவளே இழுத்து முடித்தாள். முடித்துப் பார்த்தால் ஆள் ஒன்பது அடி. பதினொரு வருடமாக அவனை எல்லோரையும்விட ஒரு தலை உயரமாகவே தெரியவைக்கப் படச்சட்டத்துக்குள் தூக்கித் தூக்கி வைத்திருந்தார்கள். கால் இல்லாததால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

முகக்காரர் எட்டிப் பார்த்தார். "இவன் வீட்டு வாசல் நிலை இவன் மாருக்குத்தான் வரும் போலிருக்கே. உள்ள எப்படிப் போவான்?"

"அதான் வெளியவே பறந்துட்டிருக்கான்."

"காலைக் கொஞ்சம் குட்டையாக்கிப் பாரேன்."

"பாத்துட்டேன். வாத்து மாதிரி வருது."

கடைசியில் அவனுக்காகக் காத்து நிற்கும் தோழியைப் படிக்கட்டின் மேல்படியில் ஏற்றி நிறுத்தி, அவனை மனிதருக்குள்ள உயரத்துக்குக் கொண்டுவந்தாள். தரையைப் படச்சட்டத்துக்குள் நன்றாகக் கீழே இறக்கினாள். இதற்கே மூன்று வாரம், அதுவும் சாப்பாட்டு இடைவேளைகளில்.

பிறகு காலணி. எப்போதோ தப்பித் தவறித் தெரிந்த இடங்களை எல்லாம் தேடினாள். மூன்றாம் பருவத்தில் சிவப்பு, ஏழாம் பருவத்தில் நீலம், ஒன்பதாம் பருவத்தின் ஒரே ஒரு காட்சியில் ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். இயக்குநரிடம் கேட்டாள். அவர் இரண்டு நாள் தனிமை வேண்டும் என்றார். மூன்றாம் நாள் வந்து, "வெறுங்கால்" என்றார்.

"வெறுங்காலா?"

"மண்ணை உணரட்டும்மா."

"பத்து விரல் கூடுது சார்" என்று மேலாளர் பதறினார். "தொண்ணூத்தாறு தடவை பத்து விரல்!"

"உணர்ச்சிக்குக் கணக்குப் பாக்கக் கூடாது."

வரையப் போவது அவர் இல்லையல்லவா? அக்கா பென்சிலைச் சீவினாள்.

ஏழாவது வாரம் முதல் சோதனையை ஓட்டிப் பார்த்தார்கள். திரையில் புயல்நெஞ்சன் இறங்கினான்.

"பிறந்தநாள் பலூன்" என்றார் முகக்காரர்.

ஒன்பதாவது வாரம் இரண்டாவது சோதனை.

"சிமெண்ட் மூட்டை. லாரியிலேருந்து."

"நிஜமாவா?"

"பொய் சொல்லி உன்னைச் சந்தோஷப்படுத்தணும்னா நான் உங்க வீட்டுக்காரரா இருக்கணும். விட்டுடேன் புழுதி. எவன் காலைப் பாக்கப் போறான்? எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாப்பாங்க."

"அதுக்காகவாவது கால் வேணும்" என்று சொல்லிவிட்டு அவள் தொண்ணூற்றாறையும் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். மூன்று வாரம் பாக்கி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கணவர், வேட்டையில் சிக்கிய மிருகம் போல மேலங்கிக்குப் பதில் முதுகில் கட்டிய படுக்கை விரிப்போடு, சமையலறை ஸ்டூலின் மேல் நின்றிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஆள் கனம்.

"எதுக்குன்னு இன்னொரு தடவை சொல்லு."

"குதிங்க. காலைப் பாக்கணும்."

"இருபது வருஷமா பாக்கலியா?"

"கீழ வர்றப்ப பாத்ததில்ல."

குதித்தார். கீழ்வீட்டுக்காரர் கம்பால் கூரையைத் தட்டினார். மறுபடி குதித்தார். கீழ்வீட்டுக்காரர் மறுபடி தட்டினார். ஒன்பதாவது குதியில் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் ஒரு கையால் அவருக்குத் தைலம் தடவிக்கொண்டே மறுகையால் அந்தப் பாதத்தை வரைந்தாள்.

"நேத்து போன்ல காட்டினியே, அந்தப் படம்" என்றார் அவர். "அதுல என்ன கோளாறுன்னு சொல்லவா?"

"சொல்லுங்க."

"லிஃப்ட் மாடியில வந்து நிக்குது. நின்னுடுச்சுன்னு நெனைப்ப. ஆனா நின்னப்புறமும் ஒரு விரக்கடை அமுங்கும். அது கண்ணுக்குத் தெரியாது, உள்ள இருக்கறவன் வயித்துல தெரியும். அப்பதான் அவன் காலை வெளிய வைப்பான். உன் ஆளு நிக்கறதோட நின்னுடறான். பாரம் போய்ச் சேரவே இல்ல."

அக்காவின் கை தைலத்தோடு அப்படியே நின்றது.

"இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"ஸ்டூல்ல ஏத்தி விட்டுட்டே. பேச விட்டியா?"

மறுநாளிலிருந்து அவள் யாரோடும் பேசவில்லை. சோற்றைக் கிண்ணத்தில் போட்டு ஸ்பூனால் இடதுகையில் சாப்பிட்டாள், வலதுகை வரைந்தது. பாதம் தரையைத் தொட்டு நின்ற பிறகு பதினான்கு படங்களுக்கு அவனை இன்னும் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் இறக்கினாள். குதிகால் சதை பரந்தது. விரல்கள் விரிந்து மண்ணைப் பிடித்தன. முழங்கால் யோசித்துவிட்டு மடங்கியது. எல்லாம் அடங்கிய பிறகு மேலங்கி வந்து சேர்ந்தது. இடையே மற்ற ஏழு அத்தியாயங்களுக்கான புழுதியும் ஒரு நாள்கூடத் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

பன்னிரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஓட்டிக் காட்டினாள். நான்கு விநாடி. நின்றுகொண்டு பார்த்த முகக்காரருக்குத் தன் முழங்கால் லேசாக மடங்கியதே தெரியவில்லை. மேலாளர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார். போட்டாள். "இன்னொரு தடவை."

இயக்குநர் எழுந்து கைதட்டினார். "பிரமாதம்! இப்ப இதுக்கு மேல நம்ம புழுதியைத் தூவிடலாம்."

அறை அமைதியானது. இந்த முறை யாரும் கேட்காமலே.

"மேலயா?" என்றாள் அக்கா.

"அது நம்ம அடையாளம்மா. பதினோரு வருஷ மரபு. ரசிகர்கள் எதிர்பார்ப்பாங்க."

"அப்ப கால் எதுக்கு சார்?"

"உள்ள இருக்குன்னு நமக்குத் தெரியும் இல்லியா? அந்த உண்மை போதும்."

அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். "சார், இந்த ஆபீஸ்ல புழுதின்னா யாரைக் கேப்பீங்க?"

"உங்களைத்தான்."

"நான் சொல்றேன், கேட்டுக்கோங்க. வெறுங்கால் இந்த மண்ணுல இறங்கினா குதிகால் பக்கத்துல சுண்டுவிரல் நுனி அளவு கிளம்பும். அது மூணு படத்துல போட்டாச்சு. பன்னெண்டு வாரத்துக்கு முன்னாடி போட்ட புழுதி இங்க ஒட்டாது, தரையைக் கீழ இறக்கிட்டேன். புதுசா போடணும். போடறது நான். நான் போட மாட்டேன்."

"ஒரு கலைஞர் இப்படிப் பிடிவாதம்..."

"ஆமா சார். பிடிவாதம்தான்."

இயக்குநர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு நாற்பது. அவர் கணினியில் குனிந்து பழைய புழுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காலை வைத்தார். வென்றது கலையா, கால அட்டவணையா என்று அக்கா ஆராய்ச்சி செய்யவில்லை. வீட்டுக்குப் போய் முழுதாக ஒரு பகல் தூங்கினாள்.

கடைசி அத்தியாயம் ஒளிபரப்பான சனிக்கிழமை காலை பத்தொன்பது பேரும் கூட்ட அறையில் உட்கார்ந்து பார்த்தார்கள். புயல்நெஞ்சன் வானத்திலிருந்து வந்தான், தரையைத் தொட்டான், நின்றான், பிறகு அமுங்கினான். நாற்காலிகள் எல்லாம் அவனோடு சேர்ந்து கிரீச்சிட்டன. அக்கா திரையைப் பார்க்கவில்லை. அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். உடனே கணவரிடமிருந்து தொலைபேசி.

"ஏய், அது என் கால் தானே?"

"சுண்டுவிரலைப் பாத்தா தெரியல?"

"கோணலாத்தான் இருந்துது" என்றார் அவர், பெருமையோடு.

இயக்குநரைப் பேட்டி எடுத்தார்கள். அந்த நான்கு விநாடிக்காகவே பதினொரு ஆண்டுகள் தன் நாயகனைத் தரையில் இறக்காமல் தவம் இருந்ததாகச் சொன்னார். முகக்காரர் அக்காவின் மேசைக்கு வந்து, "நல்லா இறங்கிட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை அடுத்த தொடருக்கான கூட்டம். எல்லோரும் எழுந்து நின்றார்கள். இறங்குவதற்கு எத்தனை வாரம் ஆகும் என்பது மேலாளருக்கு இப்போது நன்றாகத் தெரிந்திருந்தது. புதிய நாயகன் ஒரு மீன். அக்காவுக்குக் குமிழி.