பதினேழாம் நம்பர் மாவிலங்கம்

மரத்தில் ஆணி அடிக்கமாட்டேன் என்று முத்துராமன் பிடிவாதம் பிடித்தார். சனி அங்கேதான் பிடித்தது.

புதுக்கோட்டையில் அவர் வேலை பார்த்தது இரண்டு வருஷப் படிப்போடு நின்றுவிடும் இன்டர்மீடியட் கல்லூரி. யாரோ பெரிய மனிதரின் பழைய தோட்டத்துக்குள் கட்டியதால் காம்பவுண்டுக்குள் முப்பத்தேழு சாதி மரங்கள் நின்றன. வேம்பும் புங்கையும் ஏராளம். உசில், அழிஞ்சில், நறுவிலி, மாவிலங்கம் என்று மற்றதெல்லாம் சாதிக்கு ஒன்றே ஒன்று. பன்னிரண்டு வருஷமாக அங்கே தாவரவியல் சொல்லிக்கொடுத்த முத்துராமனுக்கு ஒரே ஆசை, பி.எஸ்ஸி. வகுப்பு வரவேண்டும். படித்து முடித்த பையன்களில் வசதி உள்ளவன் திருச்சிக்குப் போனான். இல்லாதவன் கடலைக் காட்டுக்கே திரும்பினான். அதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது. ஆவணியில் பல்கலைக்கழகக் குழு வருகிறது என்று கடிதம் வந்ததும் மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது. அடுத்த ஊர்க் கல்லூரியில் கட்டடம் இருக்கும், கண்ணாடிச் சாமான் இருக்கும். நம்மிடம் மரம் இருக்கிறது, அதைக் காட்டுவோம் என்றார்.

தகரத்தில் பெயர் எழுதி அடிக்கச் சொன்னார் முதல்வர். மரம் புண்படும் என்று இவர் மறுத்தார். அதனால் சாதிக்கு ஒரு மரமாகப் பொறுக்கி, அடிமரத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒன்று முதல் முப்பத்தேழு வரை தன் கையாலேயே நம்பர் போட்டார் முத்துராமன். பெயரும் விவரமும் ரிஜிஸ்டரில் ஏறின. அந்த நிம்மதியில் அக்காள் மகள் கல்யாணத்துக்கு ஐந்து நாள் லீவில் பொன்னமராவதிக்குப் போனார்.

புது லேபுக்கு இடம் வேண்டி மேற்குப் பக்கத்து வேப்ப மரங்கள் பத்தை ஆபீசில் ஏலம் விட்டிருந்தார்கள். அவற்றுக்கு நம்பர் போடவேண்டியவர் ஹெட்கிளார்க் ஆண்டியப்பன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளியவர் அப்படியே மறந்துபோனார். ஏலம் எடுத்த ஆலங்குடி குழந்தைசாமி கோடாலி ஆட்களோடு வந்து நின்றபோது, ஃபைலிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "நம்பர் போட்டதெல்லாம் ஒம்மதுதான், வெட்டிக்கிட்டுப் போம்" என்றார். நம்பர் போட்ட மரம் என்றால் வெட்டுகிற மரம். வாத்தியார் ஒருவரைத் தவிர ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பத்துக்குப் பதில் முப்பத்தேழு கிடைத்தால் வேண்டாமென்று சொல்லக் குழந்தைசாமிக்கு என்ன பைத்தியமா?

திரும்பி வந்த முத்துராமன் கேட்டைத் தாண்டியதும் பெட்டியைக் கீழே போட்டார். கடைசி வண்டிக்குப் பாரம் ஏற்றிக்கொண்டிருந்த குழந்தைசாமி சலித்துக்கொண்டார். "நம்பர் போட்டதத்தானுங்க வெட்டுனோம். அங்கிட்டு ஒண்ணு இங்கிட்டு ஒண்ணுன்னு தேடித் தேடித் தாவு தீந்துபோச்சு. எந்தக் கிறுக்கன் போட்ட நம்பர்னு ஆளுக வையிதுக."

முதல்வர் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "ரிஜிஸ்டர் இருக்குல்ல? அதைக் காட்டுங்க. வாயைத் தொறந்தா ஒங்க கோர்ஸ் போச்சு, பாத்துக்கங்க."

குழு வந்த அன்று விருந்து ஹாஸ்டலில். பந்தி ஏன் தாமதம் என்று முத்துராமன் சமையல்கட்டை எட்டிப் பார்த்தார். ஊதி ஊதிக் கண் சிவந்திருந்தாள் சமையல்காரி செவந்தி.

"எல்லாம் பச்சை வெறகுங்க சார். குழந்தைசாமி வண்டியில வந்தது. எரியவே மாட்டேங்குது."

அவள் அடுப்புக்குள் தள்ளிய கட்டையின் பட்டையில் வெள்ளையாகப் பதினேழு. அவர் கையெழுத்தேதான். ஒன்றின் வளைவும் ஏழின் கொம்பும் அவருக்குத் தெரியாதா? பந்திக்குத் திரும்பினார்.

குழுத் தலைவர் இலை முன்னால் உட்கார்ந்தும் ரிஜிஸ்டரை மூடவில்லை. "முப்பத்தேழு வகை! பிரமாதம். மாவிலங்கம்கூட இருக்கா? சின்ன வயசுல பாத்தது. பதினேழாம் நம்பர், எங்க இருக்கு?"

முதல்வர் முத்துராமனையே பார்த்தார்.

"பக்கத்துலதான் சார்" என்றார் முத்துராமன். "முதல்ல சாப்பிடுங்க, ஆறிடும்."

சாப்பாடு முடிய ரயிலுக்கு நேரமாகிவிட்டது. சாம்பாரையும் ரிஜிஸ்டரையும் பாராட்டிவிட்டுக் கிளம்பினார்கள். கோர்ஸ் கிடைத்தது.

மறு வருஷம் முதல் பி.எஸ்ஸி. வகுப்பில் பன்னிரண்டு பையன்கள் சேர்ந்தார்கள். மரம் பார்க்க அவர்களை முத்துராமன் வெளியே கூட்டிப்போனார். வேம்பைக் காட்டினார், புங்கையைக் காட்டினார். அரை மணியில் முடிந்துவிட்டது.