அவசரமல்லே?

...பில் அச்சாகிவிட்டது என்று திரை சொல்கிறது, பிரிண்டரோ வாயே திறக்கவில்லை, சாலைக் கடைத்தெருவிலிருந்து அரிசிக்கடை அண்ணாச்சி தன் கணினியைக் கேட்டு இப்போது வந்து நிற்பாரே, அவரிடம் என்ன சொல்ல, செல்வமணி மறுபடி அழுத்தினான், மறுபடி அதே பதில். விண்டோஸுக்கென்று எழுதின பில் மென்பொருள், இதுவோ லினக்ஸ் கணினி, நடுவே ஒரு மொழிபெயர்ப்பு அடுக்கு உட்கார்ந்து அது கேட்பதை இதற்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்கிறது, புரியாததற்கும் சில சமயம் சரி என்று தலையாட்டிவிடும், அதுதான் வம்பு. விர்ச்சுவல் மெஷின் என்றால் கணினிக்குள்ளேயே முழு விண்டோஸையும் குடிவைத்துவிடலாம், பிசகாது, ஆனால் இந்தக் கிழட்டுப் பெட்டிக்கு அவ்வளவு மெமரி ஏது? ஸ்ரீவராகத்தில் அவன் அறையும் அந்த விர்ச்சுவல் மெஷின் மாதிரித்தான், சங்கரன்கோவில்காரர்கள் மூன்று பேர், தமிழ்ப் பேச்சு, தமிழ்ப் பாட்டு, வாசலைத் தாண்டினால்தான் திருவனந்தபுரம், அங்கே எதுவும் தப்பாகப் புரியாது, அவனை யாரும் எதுவும் கேட்பதும் இல்லை. கேட்டவள் கூட வேலைபார்க்கும் ஷிபா ஒருத்திதான். பக்கத்து நாற்காலியில் இன்றைக்கு அவள் பை இல்லை, ஷிபா எங்கே என்றதற்குக் கணினிக்கடை முதலாளி மஹேஷ் தலைகூட நிமிர்த்தவில்லை, "பெங்களூருக்குப் போயில்லே? அவசரம் கிட்டும்போ போகண்டே?"

கிட்டும்போது போகவேண்டாமா என்கிறார், அவசரம் எப்படிக் கிடைக்கும், வாய்ப்புதானே கிடைக்கும்... ஐயோ, மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பா? போன வாரம் கிழக்கேகோட்டை டீக்கடையில், "பெங்களூருல ஜோலி கிட்டி, செல்வா. அவசரமல்லே?" என்று கேட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவன் காதில் அவசரம் அல்ல என்றுதான் விழுந்தது, இப்போதைக்குப் போகமாட்டாள், வயிற்றில் பாலை வார்த்தாள் மகராசி என்று, "அதே, அதே" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான், மடையன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு அவள் பஸ் ஏறினாள், டீ நன்றாக இல்லை போலும் என்று நினைத்தானே. நல்ல வாய்ப்பல்லவா என்று கேட்டவளிடம் ஆமாம் ஆமாம் என்று சிரித்து அனுப்பியிருக்கிறான். கூப்பிட்டுச் சொன்னால் என்ன, தப்பாகப் புரிந்துகொண்டேன் ஷிபா என்று, கையில் போன் இருக்கிறது, பெயரும் மேலேயே இருக்கிறது... சரியாகப் புரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று திருப்பிக் கேட்பாளே, கட்டாயம் கேட்பாள். போகாதே என்று சொல்லியிருப்பானா? விரல் பெயரின் மேலேயே நின்றது... அப்போதும் அதே, அதே என்றுதான் சொல்லியிருப்பானோ, சிரிக்காமல்?