தொடையளவு ஐம்பத்து மூன்று

எங்கள் பக்கத்தில் ஒருவனைப் பார்த்து "ரொம்ப இளைச்சுட்டியே" என்று சொன்னால் அவன் முகம் மலர்ந்துவிடும். கன்னம் ஒட்டி, தோள் எலும்பு துருத்தினால் இன்னும் விசேஷம். வேறு ஊராக இருந்தால் டாக்டரிடம் போகச் சொல்வார்கள். இத்தாலியில் எங்கள் கிராப்பா மலையடிவாரத்தில் "அப்படி என்னதான் சாப்பிடுறே?" என்று பொறாமையோடு கேட்பார்கள். ஞாயிறு காலையில் கோயில் மணி அடிக்கும்போது சைக்கிளில் மலையேறிக்கொண்டிருக்கும் ஆண்பிள்ளைகள் நிறைந்த ஊர் இது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் உச்சிக்குப் போய்ச்சேர எத்தனை விநாடி மிச்சம் என்று மாமனார் சாவு வீட்டில்கூடக் கணக்குப் போடுவார்கள்.

இவர்களுக்கெல்லாம் உடுப்பு தைத்துக்கொடுப்பவள் நீவெஸ். வீட்டுக்குப் பின்னால் ஆறு மெஷின் போட்ட கூடம், உதவிக்கு இரண்டு பெண்கள், இருபத்தாறு வருட அனுபவம். சைக்கிள்காரர்களின் உடுப்பைத் தவிர வேறெதையும் தொடமாட்டாள். மார்பில் தொத்திறைச்சிக் கடை விளம்பரமும் முதுகில் டயர் கடை விளம்பரமும் ஒட்டிய ஜெர்சியைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "இது சட்டையா, சந்தையா?" என்று போட்டிருப்பவனையே கேட்டுவிடுவாள். அவள் தைக்கிற ஜெர்சி கரும்பச்சை. கழுத்தில் தந்த நிறத்தில் ஒரு மெல்லிய பட்டை, அவ்வளவுதான். பின்பக்கத்து மூன்று பைகளில் வாழைப்பழத்தையும் மழைச்சட்டையையும் திணித்தாலும் துணி தொங்காது. காலுறை கணுக்காலுக்கு மேல் நான்கு விரல் இருக்க வேண்டும். ஒரு விரல் கூடினாலும் குறைந்தாலும் அந்த ஆளோடு அன்றைக்குப் பேச்சு கிடையாது.

அவள் தையலின் அழகெல்லாம் கெட்டுப்போவது சொந்தப் புருஷன் மேல்தான். தனீலோவுக்கு ஐம்பத்தேழு வயது. பீங்கான் தொழிற்சாலையில் சூளை பார்க்கிறவன். நல்ல மனுஷன், நல்ல தொந்தி. கோட்டுக்குள் தொந்தியை மறைக்கலாம், சைக்கிள் உடுப்பில் மறைக்க இடம் ஏது? தோலோடு ஒட்டிக்கொண்டு உள்ளதை உள்ளபடி காட்டிக்கொடுத்துவிடும். பதினெட்டு வருடமாக உச்சிக்குக் கடைசியாக வந்து சேர்கிறவன் அவன்தான். "கூட்டத்துல நல்ல சட்டை உன்னுதுதான்டா, என்ன, அதைப் பார்க்கிறதுக்கு நாங்க மேல அரை மணி நேரம் காத்துக்கிடக்கணும்" என்பான் பேப்பி. பேப்பி குழாய் ரிப்பேர் பார்ப்பவன், சைக்கிள் சங்கத்தின் தலைவன், வாய்க்குப் பூட்டே இல்லாதவன். தனீலோ எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பான். ஒரே ஒரு தடவையாவது பேப்பிக்கு முன்னால் மேலே போய் நின்றுவிட வேண்டும் என்ற ஆசை அவனுக்குள் இருந்தது நீவெஸுக்கு மட்டும்தான் தெரியும்.

ஜனவரி மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை சங்கத்துக்காரர்கள் எல்லாரும் அவள் கூடத்தில் கூடுவார்கள். அந்த வருட உடுப்புக்கு அளவெடுக்கும் நாள். ஒயினும் சலாமித் துண்டுகளும் மேஜையில் இருக்கும். நீவெஸ் டேப்பைச் சுற்றி ஒவ்வொருவன் இடுப்பளவையும் உரக்கப் படிப்பாள், பேப்பி அதை அளவு நோட்டில் எழுதிக்கொண்டே மானத்தை வாங்குவான். வருடம் பூராவும் பயப்படாதவன்கூட அந்த ஒரு நாளைக்குப் பயப்படுவான்.

அந்த வருடம் தனீலோவின் முறை வந்தது. "தொண்ணூத்தஞ்சு" என்று படித்துவிட்டு, நம்பாமல் மறுபடியும் டேப்பைச் சுற்றினாள். போன வருடம் அவன் இடுப்பு நூற்றொன்று சென்டிமீட்டர்.

கூடமே கைதட்டியது. பேப்பி பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்து தனீலோவின் வயிற்றைத் தட்டிப் பார்த்தான்.

"நீவெஸ், வீட்டுக்காரனுக்குச் சோறு போடுறதை நிறுத்திட்டியா?"

"அவரேதான் வேணாங்கிறாரு. குளிர்காலம் முழுக்க கராஜ்ல உருளை மேல சைக்கிளை வச்சு மிதிச்சாரு."

"போலெந்தாக் களியை விட்டுட்டேன், அவ்வளவுதான். பசியே எடுக்கிறதில்லை" என்றான் தனீலோ. அவன் காது இரண்டும் சந்தோஷத்தில் சிவந்திருந்தன. இருபத்தொன்பது வருடமாகக் கூட வாழ்கிறாள், ஆனால் அவன் காது சிவந்து அவள் பார்த்தது மகள் பிறந்த அன்றும் இன்றும்தான்.

நீவெஸுக்கும் உள்ளுக்குள் பெருமை பொங்கியது. மிலானோவில் ஒரு கடை அவள் ஜெர்சியைப் படத்தோடு பார்க்கக் கேட்டிருந்தது. படத்துக்கு நிற்க வெளியூரிலிருந்து யாரையாவது கூப்பிடுவதாக இருந்தாள். இனி எதற்கு வெளியாள்? புருஷனையே நிறுத்தலாம் என்று அன்றைக்கே முடிவுசெய்துவிட்டாள்.

மார்ச் கடைசியில் அவனை மட்டும் கூடத்துக்குக் கூப்பிட்டு மறுபடி அளவெடுத்தாள். உதவிக்கு வரும் பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். இடுப்பு தொண்ணூறு. தனீலோ ஏதோ பாட்டை விசிலடித்துக்கொண்டு நின்றான். அவள் மண்டிபோட்டு உட்கார்ந்து டேப்பைத் தொடையில் சுற்றினாள்.

ஐம்பத்து மூன்று.

ஜனவரியில் ஐம்பத்தேழு இருந்தது. டேப் நழுவியிருக்கும் என்று மேலே தள்ளி, இன்னொரு தடவை சுற்றினாள். ஐம்பத்து மூன்றுதான். அடுத்த காலைப் பார்த்தாள், அதுவும் அதே.

இருபத்தாறு வருடத்தில் எத்தனை தொடைகளில் டேப்பைச் சுற்றியிருப்பாள். நன்றாக மிதிக்கிறவனுக்கு இடுப்பு குறையும், முகம் வற்றும், கை குச்சியாகும். தொடை மட்டும் குறையாது. குறைந்தால் அது பயிற்சியால் இல்லை. டாக்டர்களுக்குத் தெரியாமல் போகலாம், அவளுக்குத் தெரியும்.

"என்ன, அங்கேயே உக்காந்துட்டே?" என்றான் தனீலோ.

"ஒண்ணுமில்லை. முட்டி வலிக்குது."

"எவ்வளவு இருக்கு?"

"அம்பத்தாறு" என்றாள். நோட்டிலும் அப்படியே எழுதினாள்.

ஏன் எழுதினாள்? அவன் விசிலடித்துக்கொண்டிருந்தான், அதற்காக. படம் பிடிக்கிறவன் ஏப்ரலில் வருவதாக இருந்தது, அதற்காகவும். மே மாதத்து முதல் மலையேற்றம் முடியட்டும், பிறகு நானே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பேச வேண்டிய நேரத்தில் வாயைத் திறக்காமல், ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கால்சட்டையை ஐம்பத்து மூன்றுக்கே வெட்டினாள். தொடையின் வெளிப்பக்கம் பளபளக்கும் துணியைச் சாய்வாக வைத்துத் தைத்தாள், வெளிச்சம் பட்டால் சதை திரண்ட மாதிரி தெரியும். காலைப் பிடிக்கிற எலாஸ்டிக் பட்டையை இரண்டு விரல் மேலே ஏற்றினாள். அவள் வாழ்நாளில் தைத்ததிலேயே அழகான உடுப்பு அதுதான். அந்த அழகை நினைத்து இன்றைக்கும் அவளுக்கு வெட்கமாக இருக்கிறது.

படம் பிடிக்க வந்தவன் "எங்க சார் பிடிச்சீங்க இந்த உடம்பை?" என்று தனீலோவையே கேட்டான். மிலானோக் கடைக்குப் படங்கள் பிடித்துப்போயின.

மே மாதத்து முதல் ஞாயிறு சங்கத்துக்காரர்கள் எல்லாரும் புதுப் பச்சை உடுப்பில், பாதிரியாரின் ஆசீர்வாதத்தோடு கிளம்பினார்கள். நீவெஸ் காரில் முன்னாலேயே போய் உச்சியில், போர் நினைவிடத்துப் படிக்கட்டுக்குக் கீழே காத்திருந்தாள். கடைசி வளைவில் ஒரு பச்சை தெரிந்தது. பேப்பி என்றுதான் நினைத்தாள். தனீலோ. தன்னந்தனியாக வந்துகொண்டிருந்தான். வாயைத் திறந்தபடி, கண்கள் குழிக்குள் கிடக்க, அந்தக் கரும்பச்சைக்குள் பொருத்தமாக, படத்தில் வருகிறவனைப் போல வந்து நின்றான். நான்கு நிமிஷம் கழித்துத்தான் பேப்பி வந்தான்.

"உடம்பெல்லாம் காத்தாடா உனக்கு?" பேப்பிக்கு மூச்சு வாங்கியது. "டேய், உண்மையைச் சொல்லு. என்ன மருந்து சாப்பிடுறே?"

"பசியே எடுக்கலைங்கிறேன், நீ நம்ப மாட்டேங்கிறே."

எல்லாரும் தனீலோவைத் தோளில் தூக்கினார்கள். பாரம் இல்லாமல் இருக்கிறான் என்று அதற்கும் சிரித்தார்கள். கீழே இறங்கி உணவுக் கடையில் வெள்ளை அஸ்பராகஸும் அவித்த முட்டையும் வந்தன. வருடத்தில் ஆறு வாரம் மட்டும் கிடைக்கிற பண்டம், தனீலோ முன்பெல்லாம் இரண்டு தட்டு சாப்பிடுவான். அன்றைக்கு நான்கு தண்டுகளை இங்கும் அங்கும் நகர்த்திவிட்டு முள்கரண்டியை வைத்துவிட்டான். எதிரே பேப்பி அதைப் பார்த்துத் தன் தட்டையும் தள்ளிவைத்தான். நாளையிலிருந்து தானும் போலெந்தாவைத் தொடப்போவதில்லை என்று அறிவித்தான். நீவெஸ் சிரிக்க முயன்றாள், வரவில்லை.

ஜூன் நடுவில் ஒரு காலை, சவரம் செய்துகொண்டிருந்தவனின் கண்ணைக் கண்ணாடியில் பார்த்தாள். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனாள். சோதனைகள் எல்லாம் முடிய பத்து நாளாயிற்று. கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது என்று பெண் டாக்டர் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்.

"எடை எப்ப இருந்து குறையுது?"

"ஜனவரிக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு டாக்டர். நான்தான் பயிற்சின்னு நினைச்சேன்" என்றான் தனீலோ. அதைச் சொல்லும்போதும் குரலில் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது.

"சதையும் சேர்ந்து குறைஞ்சிருக்கே. அது எப்ப ஆரம்பிச்சதுன்னு ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் எதுக்கு? இவ நோட்டுல எழுதி வச்சிருக்கா. ஒரு நூல் பிசகாது. நீவெஸ், வியாழக்கிழமை வரும்போது கொண்டு வந்துடு."

நீவெஸ் தலையாட்டினாள். வெளியே வரும்போது ஏதோ எடுக்கிற சாக்கில் திரும்பிப் போய், முன்னாலேயே வந்திருந்தால் என்று கேட்டாள். இரண்டு மூன்று மாதம் முன்னால் என்றால் அறுவை பற்றியாவது பேசிப் பார்த்திருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள் டாக்டர்.

நோட்டில் ஐம்பத்தாறு என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். யார் கேட்கப்போகிறார்கள்? இரண்டு நாள் அந்தப் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாகக் கழிந்தது. புதன்கிழமை மத்தியானம் அவனைக் கூடத்துக்குக் கூப்பிட்டு, மெஷின் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். ஐம்பத்து மூன்று. எழுதினது ஐம்பத்தாறு. மார்ச்சிலேயே தெரியும். தையலில் மறைத்தாள்.

திட்டுவான் என்று காத்திருந்தாள். அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது. தனீலோ குனிந்து தன் காலைப் பார்த்தான்.

"அப்ப மே மாசம் நான் ஏறினது?"

அவளுக்குப் புரியவில்லை. "என்ன ஏறினது?"

"பேப்பியை முந்தி ஏறினேனே. அது நான் ஏறினதில்லையா? இந்த நோய் என்னைத் தின்னு லேசாக்கினதால ஏறினேனா?"

"அப்படியெல்லாம் இல்லை. நீதான் ஏறினே."

"பொய் சொல்லாதே. இப்பத்தான் உண்மை சொல்ல ஆரம்பிச்சிருக்கே." கோபம் துளிகூட இல்லாமல்தான் அதைச் சொன்னான். "மூணு மாசம் போனா போகட்டும். எங்கிட்ட அது ஒண்ணுதான் இருந்துச்சு நீவெஸ்."

அவள் அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை நோட்டில் அடித்துத் திருத்தி டாக்டரிடம் கொடுத்தாள். ஞாயிறு பகல் பேப்பி பார்க்க வந்தான். நோய் விஷயம் அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. பட்டினி கிடந்து அவனும் ஐந்து கிலோ இளைத்திருந்தான், சட்டை தொளதொளவென்று தொங்கியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, துக்கத்தைக் காட்டக்கூடாது என்று தீர்மானித்தவனைப் போலப் பேசினான்.

"சீக்கிரம் எழுந்திரு. செப்டம்பர்ல மறுபடியும் ஏறணும். அந்த நாலு நிமிஷத்தை நான் திருப்பி வாங்கணும்டா."

"வாங்க வேண்டாம், வச்சுக்கோ" என்றான் தனீலோ. "அன்னைக்கு முதல்ல வந்தது நீதான்."

"காய்ச்சல்ல உளர்றியா? ஊரே பார்த்துச்சு, நீ மேல நின்னே, நான் நாக்கு தள்ளி வந்தேன்."

"என் தொடையில நாலு சென்டிமீட்டர் காணோம்டா அப்பவே. ஆரோக்கியமா இருந்து ஏறினவங்கள்ல நீதான் முதல். சங்கத்துல சொல்லிடு."

"யார் சொன்னா உனக்கு இதை?"

தனீலோ கதவுப் பக்கம் பார்த்தான். நீவெஸ் காப்பிக் கோப்பைகளோடு நின்றுகொண்டிருந்தாள். பேப்பியும் திரும்பினான். அவளைப் பேச வேண்டாம் என்று தனீலோ தலையசைத்த மாதிரி இருந்தது, அவள் அதைப் பார்க்காதவளைப் போல உள்ளே வந்தாள்.

"நான்தான் சொன்னேன். மார்ச்லயே எனக்குத் தெரியும் பேப்பி. தெரிஞ்சும் அவரை அந்தச் சட்டையைப் போட்டு மலையேற விட்டேன்."

பேப்பி அவளையே பார்த்தான். பிறகு அவன் எழுந்து, அவள் நீட்டிய கோப்பையை வாங்காமல், தனீலோவின் கையை மட்டும் ஒருமுறை அழுத்திவிட்டு வெளியே போனான். வாசலில் அவன் சைக்கிளை எடுக்கும் சத்தம் கேட்டது. நீவெஸ் காப்பியைக் கட்டில் பக்கத்து மேஜையில் வைத்தாள். குடிக்கிறாயா என்று அவள் கேட்டதும் தனீலோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.