ஜோசியர் கணிப்பை மாற்றிக்கொண்டார்

அண்ணனுக்கு ஜோசியர் என்று பெயர் வைத்தது சினிமா ரசிகர்கள்தான். ராசி, கட்டம், நட்சத்திரம் எதுவும் அவனுக்குத் தெரியாது. கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துகிற வேலை. ஆனால் எந்த வருஷம் யாருக்கு விருது என்று படம் வெளிவருவதற்கு முன்பே சொல்லிவிடுவான், பெரும்பாலும் பலித்தும்விடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே பழைய அரைக்கால் சட்டையுமாக, கைபேசியைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்து நேரலையில் உட்கார்ந்துவிட்டான் என்றால் வீட்டில் யாரும் மிக்ஸி போடக்கூடாது. அம்மா அந்த நேரத்தில் பூண்டு உரிப்பாள். சத்தம் வராத வேலை அது ஒன்றுதான்.

இந்த வருஷம் பூராவும் அவனுக்கு ஒரே படம்தான் பேச்சு. வசனத்தைக் குறைத்துப் பாட்டாலேயே கதை சொல்லும் படம். அதில் ராணியம்மா நடிக்கிறாள். ஒரு காலத்தில் ராணி வேஷமாகப் போட்டு அந்தப் பட்டப்பெயரை வாங்கியவள், பிறகு பல வருஷம் இருந்த இடம் தெரியாமல் போனவள், இப்போது நாயகியின் அம்மாவாக, ஒரு தையல்காரியாகத் திரும்ப வருகிறாள். தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தபடி சொந்தக் குரலில் ஒரு பாட்டுப் பாடுகிறாள். முன்னோட்டத்தில் அதிலிருந்து ஒரே ஒரு வரிதான் விட்டார்கள். அதற்கே ரசிகர் கூட்டம் பைத்தியமாக அலைந்தது. "துணை நடிகை விருது ராணியம்மாவுக்குத்தான், எழுதி வெச்சுக்கோங்க" என்று ஜோசியர் அடித்துச் சொல்லிவிட்டான். முதல் காட்சியில் அந்தப் பாட்டு வரும்போது அத்தனை பேரும் எழுந்து நின்று கூடவே பாடுவது என்று முடிவாகியிருந்தது. தெரிந்தது ஒரு வரி. மீதிக்கு என்ன பாடுவது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. யோசித்தால் அப்புறம் என்ன ரசிகர்கள்!

அந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. போட்டவனும் ஜோசியர்தான். கணிப்பை யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றினால் காரணம் சொல்லியாக வேண்டும். காரணம் சொல்லாமல் கட்சி மாறுகிறவனைக் காய்ச்சி எடுத்துவிடுவார்கள்.

அவனுடைய தங்கைக்கு வீட்டில் குட்டி என்று பெயர். வயது முப்பதைத் தாண்டியும் அது மாறவில்லை. அதே படத்தின் எடிட்டிங் அறையில் அவள் உதவியாளர். அண்ணனுக்கு இதில் பெருமை தாங்காது. "என் தங்கச்சி அந்த ரூமுக்குள்ளயே உக்காந்திருக்கா. ஆனா ஒரு வார்த்தை சொல்ல மாட்டா, அழுத்தக்காரி!" என்று நேரலையிலேயே பீற்றிக்கொள்வான்.

ஜன்னல் இல்லாத அறை அது. வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். ராணியம்மாவின் பாட்டை எடிட்டர் மேடம் அவளிடமே விட்டிருந்தார். "நீயே கோத்துக் கொண்டா. பாக்கலாம்." ராணியம்மா அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடி நடித்திருந்தாள். ஒரு தடவை நடுவில் குரல் உடைந்துபோயிருந்தது. வேண்டாம் என்று எல்லோரும் ஒதுக்கிய அந்தத் துண்டைக் குட்டி எடுத்தாள். குரல் உடையும் இடத்தில் முகத்தைக் காட்டாமல், துணியை அழுத்திப் பிடித்திருக்கும் கையைக் காட்டினாள். அது சரியாக வருவதற்குள் கண்ணெல்லாம் எரிந்து போயிற்று. மேடம் பார்த்தார். இன்னொரு தரம் போட்டுப் பார்த்தார். பிறகு, "இதுல நான் கை வைக்கப் போறதில்ல. டைட்டில்ல என் பேருக்கு அடுத்து உன் பேரத் தனியாப் போடச் சொல்லிட்டேன்" என்றார்.

அதுவரை எத்தனையோ படங்களில் வேலை பார்த்திருக்கிறாள். ஒன்றிலும் பெயர் வந்ததில்லை. வீட்டில் சொன்னதும் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். பெரிய திரையில் மகளின் பெயரைப் பார்க்கத்தான் இத்தனை நாள் உயிரோடு இருந்தாற்போல அவளுக்கு ஒரு பூரிப்பு.

வெளியீட்டுக்குக் கொஞ்ச நாளே இருக்கும்போது தயாரிப்பாளர் வந்து பார்த்தார். "ரெண்டாம் பாதி இழுக்குது. அம்மா பாட்டத் தூக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மேடம் மல்லுக்கு நின்று பார்த்தார், நடக்கவில்லை. விஷயம் வெளியே போகக்கூடாது என்று அறையில் எல்லோரிடமும் கறாராகச் சொல்லிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். பாட்டு போனாலும் டைட்டிலில் பெயர் இருக்கிறதே என்று குட்டி மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

அவள் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனபோது அண்ணன் அங்கே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். எந்த நொடியில் எழுந்திருப்பது, எப்படிக் கையை உயர்த்திக் கூட்டத்துக்கு ஜாடை காட்டுவது எல்லாம் தனி ஆளாக நடந்துகொண்டிருந்தது. ஆளில்லாத மாடியில் அவன் முகம் அப்படி மலர்ந்திருந்தது. தியேட்டரில் இதே முகம், இப்போ வரும் இப்போ வரும் என்று கடைசிவரை காத்திருக்குமே என்று நினைத்தவள், எடுத்த துணியைக் கொடியிலேயே போட்டுவிட்டு அவனிடம் போனாள்.

"அண்ணா, அந்தப் பாட்டு படத்துல இல்ல."

அவன் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். "என்ன சொல்ற?"

"எடுத்துட்டாங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாது, கையெழுத்துப் போட்டிருக்கேன். தியேட்டர்ல வந்து நீ ஒடஞ்சு போயிடக் கூடாதுன்னு உனக்கு மட்டும் சொல்றேன்."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டுக்காகப் பாதி, தங்கைக்காகப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். "அம்மா சத்தியமா என் வாயிலருந்து ஒரு வார்த்தை வராது, குட்டி" என்றான். இரண்டு பேரும் சேர்ந்து துணியை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். அவளுக்குப் பாரம் இறங்கினாற்போல இருந்தது.

அடுத்த ஞாயிறு அவள் சமையலறையில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் நேரலை போய்க்கொண்டிருந்தது.

"ஒரு சின்ன மாற்றம், மக்களே. துணை நடிகை விருது ராணியம்மாவுக்குன்னு சொல்லியிருந்தேன். அத வாபஸ் வாங்கிக்கிறேன்." கொஞ்சம் நிறுத்தினான். "காரணம் கேக்காதீங்க. சட்டம் போட்டவன் நான்தான், எனக்கே தெரியும். இந்த ஒரு தடவ மட்டும் கேக்காதீங்க. என்னால சொல்ல முடியாது."

குட்டி டம்ளரைக் கீழே வைத்தாள். ஒரு வருஷமாக நெஞ்சில் அடித்துச் சொன்னவன், திடீரென்று வாபஸ் என்கிறான். காரணம் சொல்ல முடியாது என்கிறான். இவனுடைய தங்கை எங்கே வேலை பார்க்கிறாள் என்பது ஊருக்கே தெரியும். முடிச்சுப் போட எவ்வளவு நேரம் ஆகும்? மத்தியானச் சாப்பாட்டுக்குள் பாட்டைத் தூக்கிவிட்டார்கள் என்ற செய்தி எல்லாக் கைபேசியிலும் வந்துவிட்டது. சாயங்காலம் தயாரிப்பாளரின் அலுவலக வாசலில் ஒரு கூட்டம் கோஷம் போட்டுக்கொண்டிருந்தது.

திங்கள்கிழமை மேடம் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"அண்ணன்கிட்ட மட்டும்தான் சொன்னேன், மேடம்."

"ஒருத்தர்கிட்ட சொன்னா என்ன, ஊருக்கே சொன்னா என்ன? உன்ன நம்பி ரூம் சாவியவே குடுத்திருந்தேனே." மேடம் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். "உன் பேர எடுக்கச் சொல்லிட்டாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியல. சாவிய வெச்சுட்டுப் போ."

ஸ்வெட்டரைக் கழற்றக்கூட மறந்து, கொளுத்தும் வெயிலில் அவள் நேராக அண்ணனின் கடைக்குப் போனாள். பின்கட்டில் மிஷின் முன்னால் அவன் உட்கார்ந்திருந்தான். விரலெல்லாம் லென்ஸ் தூள் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"என் வேல போச்சு. பேரும் போச்சு."

அவன் நிஜமாகவே பதறிப்போனான். "ஐயோ! நான் ஒரு வார்த்தை சொன்னேனா? நீயே போட்டுப் பாரு, ஒரு வார்த்தை இருக்கான்னு."

"அப்ப எதுக்கு மாத்தின?"

"படத்துல இல்லாத பாட்டுக்கு விருதுன்னு தெரிஞ்சே எப்படிச் சொல்றது? படம் வந்ததும் ஜோசியன் கோட்டை விட்டுட்டான்னு சிரிக்க மாட்டாங்களா? இத்தன பேர் என்ன நம்பி இருக்காங்க, குட்டி."

"நானும் நம்பித்தானே சொன்னேன்?"

"அதனாலதானே காரணமே சொல்லல! நான் போட்ட சட்டத்த நானே மீறி எத்தன பேர்கிட்ட திட்டு வாங்கினேன் தெரியுமா? எல்லாம் உனக்காகத்தான்."

அவன் மனசாரத்தான் சொன்னான். அதுதான் அவளைக் கொன்றது. கள்ளத்தனம் செய்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பாள். இவனோ சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டதாகவே நம்பிக்கொண்டு நிற்கிறான். வாரத்துக்கு ஒரு தடவை சர்க்கரை டப்பா முன்னால் கிடைக்கிற மரியாதை ஒரு தட்டிலும் கூடப்பிறந்தவள் ஒரு தட்டிலும் இருந்தபோது, எது கனத்தது என்று அவனுக்கே தெரியவில்லை. என்ன சொல்லி இவனுக்குப் புரியவைப்பது?

வீட்டுக்கு வந்தால் அம்மா வேறு. "அவன் என்ன வேணும்னா செஞ்சான்? கூடப்பொறந்தவன மொறச்சுக்கிட்டா எல்லாம் சரியாப் போயிடுமா? உனக்கு வேற வேல கெடைக்கும், போ."

கிடைக்கவில்லை. அந்தத் தொழிலில் கைத்திறமைக்கு முன்னால் வாயடக்கத்தைப் பார்ப்பார்கள். அவள் கூப்பிட்ட இடங்களில் சொல்லிவைத்தாற்போல ஒரே பதில்: "இப்ப ஆள் எடுக்கல, அப்புறம் கூப்பிடறோம்."

ரசிகர்கள் போட்ட கூச்சலில் தயாரிப்பாளர் இறங்கி வந்தார். ரசிகர்களின் அன்புக்காகப் பாட்டைத் திரும்பச் சேர்த்துவிட்டோம் என்று, தாமாகவே யோசித்ததைப் போலப் பெருந்தன்மையாக அறிவித்தார். ஜோசியர் மறுபடி கணிப்பை மாற்றினான். இந்த முறை காரணத்தைத் தாராளமாகச் சொன்னான். பாட்டைக் காப்பாற்றியவர் என்று கூட்டம் அவனைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

முதல் காட்சிக்கு அம்மாவையும் குட்டியையும் அவனே அழைத்துப்போனான். அவள் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. பாட்டு அவளுடையதல்லவா? படம் தொடங்கி எழுத்து ஓடியது. எடிட்டிங் என்று மேடம் பெயர் வந்தது. அதற்கடுத்து ஒலிப்பதிவுக்காரர் பெயர் வந்தது. அம்மா கழுத்தை நீட்டிப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு குனிந்து, "எழுத்து வெரசாப் போயிடுச்சு, கண்ணு. எனக்கு ஒண்ணும் தெரியல" என்றாள்.

பாட்டு வந்தது. கூட்டம் எழுந்து நின்று தெரிந்த ஒரு வரியைப் பாடியது. அடுத்த வரி தெரியாமல் நின்றபடியே அடங்கிப்போனது. குரல் உடைந்தது. திரையில் கை துணியை அழுத்திப் பிடித்தது. முன்வரிசையில் யாரோ விசும்பினார்கள். குட்டி மட்டும் உட்கார்ந்திருந்தாள். நிற்பவர்களின் முதுகுக்கு நடுவே கொஞ்சம்தான் தெரிந்தது. அவளுக்குப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. ஒவ்வொரு துண்டும் எங்கே முடிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். தன் கையால் வளர்த்ததை ஊரார் கொஞ்சுகிறார்கள், தன்னை யாரென்று யாருக்கும் தெரியாது என்ற ஆத்திரத்தில் அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

அடுத்த ஞாயிறு ஜோசியர் புதுச் சட்டையில் உட்கார்ந்தான். பார்க்கிறவர்கள் எண்ணிக்கை என்றைக்கும் இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.

"துணை நடிகை ராணியம்மா, அதுல மாற்றமே இல்ல. இன்னிக்குப் புதுசா ஒண்ணு சொல்றேன். எடிட்டிங் விருதும் இந்தப் படத்துக்குத்தான். குரல் உடையற எடத்துல மொகத்தக் காட்டாம கையக் காட்டறாங்க பாருங்க, அந்த ஒரு எடம் போதும்! மேடத்தத் தவிர வேற யாராலயும் அப்படி யோசிக்க முடியாது. எழுதி வெச்சுக்கோங்க."

குட்டி சமையலறையிலிருந்து வந்து கூடத்து வாசலில் நின்றாள். இத்தனை மாதத்தில் அந்தப் பாட்டைக் கோத்தது யார் என்று அவன் ஒரு தடவைகூட அவளிடம் கேட்டதில்லை.

"அது நான் செஞ்சது" என்றாள். குரலைத் தாழ்த்தவில்லை. "அந்தப் பாட்டு முழுக்க நான் கோத்தது."

அண்ணன் சட்டென்று கையை நீட்டி, கைபேசியை உள்ளங்கையால் பொத்தினான். கேட்டிருக்குமோ என்று திரையை ஒரு தரம் எட்டிப் பார்த்தான். பிறகு அவள் பக்கம் திரும்பி உதட்டில் விரலை வைத்தான்.

"குட்டி, அதெல்லாம் வெளில சொல்லக் கூடாதும்மா. கையெழுத்துப் போட்டிருக்கேல்ல?" என்றான், மிகுந்த அக்கறையோடு.