இடது முன் சக்கரம்

"ஆக்ஸிலரேட்டரை மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்டி, போகமாட்டேங்குது" என்றாள் சித்தி.

நாற்சந்தியின் நடுவில் கார் தவழ்ந்தது. டாஷ்போர்டில், சறுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு சிமிட்டியது. சாலையோ காய்ந்து கிடந்தது. பக்கத்து சீட்டிலிருந்த அவளுக்கு பஸ்ஸின் முகம் மட்டும்தான் தெரிந்தது. அது பின்கதவை நசுக்கிவிட்டு நின்றது. சித்தி மகன் எப்போதும் உட்காரும் பக்கம். அன்று காய்ச்சல் என்று வீட்டில் விட்டு வந்திருந்தார்கள்.

யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் அவளுக்குத் தன் கைகள் வேறு யாருடையவோ போல இருந்தன.

சாயங்காலம் காரை அப்பாவின் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வந்தார்கள். கூடவே வந்த சித்தப்பா, "பதறிப்போய் பிரேக்கை மிதிச்சிருப்பா. இனிமே சாவியைத் தொடக்கூடாது" என்றார். சித்தி ஸ்டூலில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா காரில் ஸ்கேன் மெஷினைச் செருகி மகள் கையில் கொடுத்தார். "நான் ஓட்டறேன், நீ நம்பரைப் படி."

தெருக்கோடி வரை போனார்கள். மூன்று சக்கரங்களும் முப்பதில் ஓடின. நான்காவது முப்பது காட்டியது, பூஜ்யம் காட்டியது, மறுபடி முப்பது.

"இடது முன்னாலப்பா. விட்டு விட்டு வருது."

வாய் சொல்லிவிட்டது. மூன்று வாரத்துக்கு முன் அந்தச் சக்கரத்துக்குப் புது பேரிங் மாட்டியது அவள்தான். அப்பா முதல் தடவையாகத் தனியாக விட்ட வேலை.

திரும்பி வந்ததும் அப்பா சொன்னார். "ஒரு சக்கரம் நின்னுடுச்சு, மத்ததெல்லாம் வழுக்கிச் சுத்துதுன்னு நெனச்சுக்கிட்டு எஞ்சினை அடக்கியிருக்கு. பயந்தாங்கொள்ளிக் கம்ப்யூட்டர்."

"அப்ப என் கால் இல்லையா மாமா?" என்றாள் சித்தி.

"உன் கால் இல்லம்மா."

சித்தப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு வெளியே போனார்.

சென்சார், ஒயர் எல்லாம் சரியாக இருந்தன. அப்பா பேரிங்கைக் கழற்றி, காந்தக் கோடுகளைக் காட்டும் பச்சைத் தாளை அதன்மேல் வைத்தார். பேரிங்கின் விளிம்பிலுள்ள வளையத்தில் இருக்கும் அந்தக் கோடுகளை எண்ணித்தான் சென்சார் சக்கரத்தின் வேகத்தைச் சொல்லும். வளையம் முழுக்க வரிவரியாகத் தெரிந்தது. ஓரிடத்தில் மட்டும், இரண்டு விரல் அகலத்துக்கு, அழித்துவிட்டதுபோல் வெற்றாக இருந்தது.

அவள் மேஜையைப் பார்த்தாள். நட்டு போல்ட்டைப் பிடித்து வைக்கும் காந்தத் தட்டு. அன்று பேரிங் உருண்டுகொண்டே இருந்தது. விழாமல் இருக்க அதன்மேல் வைத்தாள். நல்ல யோசனை என்றுகூட நினைத்துக்கொண்டாள்.

அப்பா பேரிங் வாங்கிய கடைக்காரருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "அண்ணே, செத்த சரக்கை என் தலையில கட்டிட்டீங்களே."

"சும்மா சொல்லாதப்பா. பிரிக்காத டப்பா. உங்க ஆளுங்க யாராச்சும் காந்தத்துகிட்ட வெச்சாங்களான்னு கேளு."

"ஆளுங்களா? இங்க நானும் என் பொண்ணும்தான். அவ கை என் கையைவிட சுத்தம்ணே."

"எதுக்கும் கேட்டுப் பாரு."

அப்பா சிரித்துக்கொண்டேதான் திரும்பினார். கார் சாவியை மறுபடி தன் கையில் எடுத்துக்கொண்டிருந்த சித்தியும் நிமிர்ந்து பார்த்தாள்.

"சும்மா கேக்கறேன்மா. அன்னிக்கு இதை டப்பாவுலேருந்து எடுத்து எங்க வெச்சே?"